தருமன் குலுக்கி வைத்த ஜாடி

எனக்குச் சுகர் கிடையாது. போன மாதம்கூட ஆபீசில் நடந்த முகாமில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். தொண்ணூற்றெட்டு. ஐம்பத்துமூன்று வயதில் இது பெரிய விஷயம் என்று அந்த நர்ஸம்மா சொன்னார். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், நான் எழுதப்போவது பக்கத்து வீட்டு மணிமொழியைப் பற்றி. அதில் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதை மறைத்துவிட்டு ஊரை மட்டும் திட்டினால், படிக்கிறது ராமாயணம் இடிக்கிறது பெருமாள் கோயில் என்றாகிவிடும். திட்டத்தான் போகிறேன். எல்லாரையும் திட்டி முடித்துவிட்டு என்னிடமும் வருவேன்.

என் பெயர் ரேணுகாம்பாள். வேங்கிக்காலில் ஓர் அரசு ஆபீசில் ரெக்கார்டு பிரிவில் இருக்கிறேன். எனக்கும் மணிமொழிக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவள் வீட்டில் வெங்காயம் வதங்கினால் என் வீட்டில் பசிக்கும்.

மணிமொழிக்கு நாற்பத்தொன்று. தண்டராம்பட்டுப் பக்கம் ஒரு கிராமம், ஒன்பதாவது வரை படிப்பு. கட்டிக்கொண்டது தருமனை. தருமன் ஆட்டோ ஓட்டினான். யாரிடமும் சண்டை போடாத ஆட்டோக்காரன், அதனாலேயே ஸ்டாண்டில் அவனுக்கு மதிப்புக் கம்மி. ஒரே பெண் ஆர்த்தி, காலேஜில் இரண்டாவது வருஷம்.

கேக் போடுகிற கை அவளுக்கு வந்தது ரமணாசிரமம் பக்கத்தில். வில்மா என்று ஹாலந்துக்காரம்மா ஒருவர் வருஷா வருஷம் ஐப்பசியில் வந்து மாசியில் போவார். அவர் வாடகைக்கு எடுத்த வீட்டில் மணிமொழி ஆறு வருஷம் சமைத்தாள். டிசம்பர் வந்தால் அந்தம்மாவுக்குக் கேக் போட்டாக வேண்டும். ஆனால் வீட்டின் சொந்தக்காரர் முட்டையை வாசல்படி தாண்ட விடமாட்டார். முட்டை இல்லாமல் தயிரை வைத்துச் சமாளிக்கிறோம் என்று இரண்டு பேரும் சேர்ந்து பதினொரு கேக்கைப் பாழாக்கினார்கள். ஒன்று செங்கல், ஒன்று களி. பன்னிரண்டாவது எழுந்தது. முழங்கால் போய் இனி வர முடியாது என்று ஆனபோது, அந்தம்மா தன் கரண்ட்டு ஓவனை மணிமொழிக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு வேங்கிக்காலில் எங்கள் தெருவுக்கு டிசம்பர் என்றால் மணிமொழியின் ப்ளம் கேக்தான். இங்கே கிறிஸ்துமஸ் கொண்டாடுகிற வீடு இரண்டோ மூன்றோ. ஆனால் ஜனவரி ஒன்றாம் தேதி கேக் வெட்டாத வீடு எது? கோலத்தில் ஹேப்பி நியூ இயர் எழுதிவிட்டு, முதல் வேலையாகக் கேக்கை வெட்டி, பிறகுதான் கோயிலுக்குப் போவோம். பதினாலு வீட்டு ஆர்டர் அவளுக்கு. செங்கம் ரோடு விருந்தினர் விடுதி ஒன்றிலிருந்து நாற்பது சின்னக் கேக்.

அந்தக் கேக்கின் உயிர் ஓவனில் இல்லை, ஜாடியில் இருந்தது. ஊறுகாய் போடுகிற பீங்கான் ஜாடி இரண்டு. ஆவணியிலேயே திராட்சை, பேரீச்சை, செர்ரி, சுரண்டிய ஆரஞ்சுத் தோல் எல்லாம் கிராம்போடு அதில் போய் உட்கார்ந்துவிடும். மேலே தேன். ஜவ்வாது மலைக்குச் சவாரி போகும்போது தருமன் வாங்கிவருகிற தேன். போட்டு மூடினால் போதாது, நான்கு மாசமும் தினம் ஒரு தடவை குலுக்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் மேலே இருக்கிற பழம் காயும். அது தருமனின் வேலை. காலையில் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சாவியை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் ஜாடியை மார்போடு அணைத்துக் குலுக்குவான்.

"பாத்து. கொழந்தையத் தூக்கற மாதிரி தூக்குறியே," என்பாள் மணிமொழி.

"உன் பொண்ணையே இவ்ளோ தூக்குனது இல்ல," என்பான் அவன். சுவருக்கு இந்தப் பக்கம் நான் பல் தேய்த்துக்கொண்டே கேட்டுச் சிரிப்பேன்.

அந்த வருஷம் ஐப்பசி மூன்றாம் தேதி, ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் மார்பைப் பிடித்துக்கொண்டு தன் ஆட்டோவிலேயே சாய்ந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது இல்லை. நாற்பத்தாறு வயது.

அன்றைக்கு முதலில் ஓடினவள் நான். மணிமொழியைப் பிடித்துக்கொண்டேன், பந்தல்காரனுக்குப் போன் போட்டேன், வந்தவர்களுக்கெல்லாம் என் வீட்டுப் பாலில் காபி போட்டுக் கொடுத்தேன். சாவுக்கு ஓட நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். செத்தவனின் பெண்டாட்டி அதற்கப்புறம் பிழைக்க வேண்டுமே, அங்கேதான் நம் கை மடங்கிவிடும்.

துக்கத்துக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் அவள் செய்தாள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் இந்தத் தெரு அவளை 'எதையும் மதிக்காதவள்' என்றது. பதினாறாம் நாள் காரியம் முடித்தாள். தீபாவளிக்கு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. துக்க வீட்டில் வைக்கக் கூடாது, அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொடுத்தனுப்ப வேண்டும். நானும் அதிரசம் கொடுத்தனுப்பினேன். கார்த்திகை தீபத்தன்று ஊரே விளக்கு வரிசையாக இருக்க, அவள் வாசல் மட்டும் இருட்டு. மலைமேல் ஏற்றின தீபம் மாத்திரம் அவள் வாசலில் இருந்து நன்றாகத் தெரிந்தது. அதை அணைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

தருமன் போன பிறகு பதினாறு நாள் அந்த ஜாடிகளை யாரும் தொடவில்லை. பதினேழாம் நாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் அந்தச் சத்தம் கேட்டது. தேனுக்குள் பழம் புரளுகிற சத்தம். மணிமொழி குலுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாயில் பிரஷ்ஷோடு அப்படியே நின்றேன்.

டிசம்பர் முதல் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தருமனின் அண்ணன் ராஜமாணிக்கம் ஊரிலிருந்து மொபெட்டில் வந்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். மாசா மாசம் தம்பி வீட்டுக்கு அரிசி மூட்டை கொண்டுவந்து போடுகிறவர். அரிசி போடுகிற கை அதிகாரமும் போடும், அவ்வளவுதான். அவர் வந்த நேரம், மணிமொழி கூடத்தில் உட்கார்ந்து மைதா சலித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா இது?"

"கேக்குக்கு மாவு சலிக்கிறேன் மாமா. ஆர்டர் இருக்குது."

"துக்க வூட்ல பலகாரமா? தம்பி போயி ரெண்டு மாசம் ஆவல. ஊரு இன்னா பேசும்?"

"எண்ணெய்ச் சட்டி வெக்கல மாமா. நாங்க தின்றதுக்கும் இல்ல. விக்கறதுக்கு."

"யாரு தின்னா இன்னா? பண்டிகைக்குத்தானே செய்யற? வருஷம் திரும்பட்டும். அப்பறம் நீ கேக்கு போடு, கடையே போடு, நான் கேக்க மாட்டேன்."

"ஊறப்போட்ட பழம் வருஷம் திரும்பற வரைக்கும் இருக்காது மாமா. அவரு குலுக்கி வெச்சது. அத இன்னா பண்றது, குப்பையில கொட்டறதா?"

"மாட்டுக்கு வெய்யி."

நான் மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். சல்லடையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மணிமொழியின் குரல் வந்தது. உரத்த குரல் இல்லை. ஆனால் அதற்கு முன்னாலும் பின்னாலும் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"மாமா, கொல்லையில சாமந்தி போட்டிருக்கீங்களே. பூ அறுக்கறீங்களா?"

"அறுக்கறோம். இன்னா இப்போ?"

"எங்க போவுது?"

"பூ மார்க்கெட்டுக்கு."

"அங்கேர்ந்து?"

"வூட்டுக்குப் போவும், கோயிலுக்குப் போவும். எனக்கு இன்னா தெரியும்?"

"எனக்குச் செத்தது புருசன்னா, உங்களுக்குச் செத்தது கூடப்பொறந்தவன் மாமா. ஒரே துக்கம்தான் ரெண்டு பேருக்கும். உங்க கை அறுத்த பூவு சாமி கழுத்துக்கே போவலாம், என் கை செஞ்ச கேக்கு மனுசன் வாய்க்குப் போவக் கூடாதா?"

"அது யாவாரம்மா."

"இதுவும் யாவாரம்தான் மாமா."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிற கணக்குக்கு என்ன பதில் இருக்கும்? பதில் இல்லாத ஆளுக்குக் கை நீளும். அவர் அடிக்கவில்லை. தருமனின் பழைய வேட்டி ஒன்றை எடுத்து ஓவனைச் சுற்றிக் கட்டி, நாற்காலிமேல் ஏறி, பரண்மேல் தள்ளிவிட்டார். இருபது கிலோ. மணிமொழியும் ஆர்த்தியும் சேர்ந்தாலும் இறக்க முடியாத உயரம். "வருசத் திதி முடிஞ்சு எறக்கிக்க," என்று சொல்லிவிட்டு அரிசி மூட்டையைக் கூடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் மணிமொழி என் வாசலுக்கு வந்தாள். படி ஏறவில்லை. துக்கக்காரி அடுத்தவர் வீட்டுக்குள் வரக் கூடாது என்பதையும் அவள் விடவில்லை.

"அக்கா, சார் இருந்தா ஒரு கை புடிக்கச் சொல்றீங்களா? ஓவனை எறக்கணும்."

நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அவருக்கு முதுகு வலி மணி. ரெண்டு நாளா எழுந்திரிக்கவே முடியல."

என் வீட்டுக்காரர் அப்போது பின்கட்டில் கேஸ் சிலிண்டரைத் தூக்கி மாட்டிக்கொண்டிருந்தார்.

ஏன் சொன்னேன்? என் மகள் நந்தினிக்கு வைகாசியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை முதல் தடவையாகப் புது வருஷத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறார். வருஷத்தின் முதல் வாயாக, புதுசாகத் தாலி கட்டினவர் வாயில், இப்போதுதான் தாலி இழந்தவள் கை செய்ததைப் போடுவதா என்று எனக்குள் ஒன்று முறுக்கிக்கொண்டு நின்றது. நான் எம்.ஏ. படித்தவள். ஆபீசில் மகளிர் தினத்துக்கு இரண்டு வருஷம் பேசியிருக்கிறேன். அந்த முறுக்கைப் படிப்பும் அவிழ்க்கவில்லை, பேச்சும் அவிழ்க்கவில்லை.

மறுநாள் காலை, மணிமொழியின் ஆர்டர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்: "மணி, இந்த வருஷம் எனக்குக் கேக் வேணாம்மா. சுகர் ஜாஸ்தியா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

தனியாக அவளுக்கு அனுப்பியிருக்கலாம். குரூப்பில் போட்டேன். போட்டது ஒன்பது மணிக்கு. பத்து மணிக்குத் தெருக்கோடிக் கீர்த்தனா வீட்டில் எல்லாருக்கும் கேஸ்டிரிக். பதினொன்றுக்கு எதிர் வீட்டில் டயட். மத்தியானத்துக்குள் ஒருத்தர் ஊருக்குப் போகிறார், ஒருத்தருக்குப் பல் வலி, ஒருத்தர் பிள்ளைக்குச் சளி. ஒரே நாளில் எங்கள் தெருவே நோயாளித் தெரு ஆகிவிட்டது. பதினாலு வீடும் கழன்றது. ஒருத்தராவது உண்மையைச் சொன்னோமா? 'உன் புருஷன் செத்துட்டான், அதனால உன் கேக் வேணாம்' என்று நேராகச் சொன்னால் அவளாவது நேராகத் திட்டியிருப்பாள். எங்களுக்கு அந்தத் துப்பும் இல்லை.

மணிமொழி ஒவ்வொருத்தருக்கும் ஒரே பதில் போட்டாள். "சரிங்க, உடம்பைப் பாத்துக்குங்க." பதினாலு தடவை.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுதால் ஓடிப்போய்த் தேற்றத் தயாராகவும் இருந்தேன். சீ, எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் அழவில்லை. நாலு நாள் கழித்து, ஆபீஸ் விட்டு வந்து கதவைத் திறக்கிறேன், கிராம்பும் ஆரஞ்சுத் தோலும் தேனும் கலந்த அந்த வாசனை என் வீடு முழுக்க நிற்கிறது.

"ஓவன் பரண்மேலதானே இருக்குது? எப்படிச் செய்யறா?" என்று வாசலில் ஆர்த்தியைப் பிடித்துக் கேட்டேன்.

"மணல்ல, பெரியம்மா," என்றாள் ஆர்த்தி. பெரிய அலுமினியக் குண்டானில் அடியில் ஆற்று மணல். அதைக் கேஸ் அடுப்பில் சூடேற்றி, நடுவில் ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் கேக் டின். மூடிக்கு மேலே அம்மிக் குழவி. ஒரு ஈடுக்கு இரண்டு கேக்தான், ஒன்றேகால் மணி நேரம். காலையில் தொடங்கிச் சாயங்காலம் வரை, ஆறு நாள். ஆர்டர் கேன்சல் ஆனதைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை போலிருக்கிறது. ஜாடியில் இருக்கிற பழத்துக்கு எத்தனை கேக் வருமோ அத்தனையும் போட்டாள்.

"யாரு வாங்குவாங்களாம்?"

"தெரியல பெரியம்மா. 'உங்கப்பா குலுக்குனதுல ஒரு திராட்சைகூட வீணாப் போவக் கூடாது'ங்குது அம்மா. அத மட்டும் சொல்லிக்கினே இருக்குது."

அந்த விடுதி ஆர்டராவது மிச்சம் என்று இருந்தோம். நாற்பது கேக், இருபத்துநாலாம் தேதி சாயங்காலத்துக்கு. அதன் மேனேஜர் சரவணகுமார் இருபத்துமூன்றாம் தேதி போன் செய்தான். தருமனின் காரியத்துக்கு மாலை கொண்டு வந்து விழுந்து விழுந்து அழுதவன் அவன். போன் ஸ்பீக்கரில் இருந்ததாம், ஆர்த்தி அப்படியே சொன்னாள்.

"அக்கா, கேக்கு நம்மளுதுதான். அதுல ஒண்ணும் மாத்தம் இல்ல. ஆனா நாளைக்கு நீங்க நேர்ல வராதீங்க. ஆட்டோவுல போட்டு அனுப்பிடுங்க. விசேச நாளு பாருங்க, ஓனரம்மா எதிர்ல நிப்பாங்க, அவங்க கொஞ்சம் சகுனம் பாப்பாங்க. டப்பா மேல உங்க பேரு ஸ்டிக்கரும் வேணாம். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பா எடுத்துக்காதீங்க! கன்னத்தில் அறைந்துவிட்டு 'வலிக்குதா' என்று கேட்கிற ஜாதி இது. எங்கள் தெருவுக்காவது அவள் கேக்கும் ஆகாது, அவளும் ஆகாது. இவனுக்குக் கேக் வேண்டும், அதைச் செய்தவள் முகமும் பெயரும் வேண்டாம். இதில் எது கேவலம் என்று நான் பட்டிமன்றம் வைக்கப் போவதில்லை.

மணிமொழி 'சரி'யும் சொல்லவில்லை, 'இல்லை'யும் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் அவன் அலறிக்கொண்டு போன் செய்தான். "கேக்கு வரலியேக்கா!"

"வூட்டை வுட்டு எறங்கக் கூடாதுன்னு சொல்லிட்டீங்களே தம்பி. நான் எறங்காம என் கேக்கு எறங்காது."

நாற்பது கேக்கும் வீட்டிலேயே தங்கின. தெருவுக்கென்று போட்டதும் சேர்த்துக் கூடத்தில் பாய்மேல் அடுக்கு அடுக்காக. வறட்டு கௌரவம் என்று நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆட்டோவில் போட்டு அனுப்பியிருந்தால் என்ன குறைந்துவிடும் என்றுகூடக் கேட்டேன். முதுகு வலிக்காத அந்த மனுஷர் பேப்பர் படித்தார்.

அந்த டிசம்பரில் பௌர்ணமி இருபத்தாறாம் தேதி வந்தது. நந்தினி கல்யாணம் நல்லபடியாக முடிந்தால் வெறுங்காலில் கிரிவலம் வருகிறேன் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ராஜகோபுரத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக் கிளம்பினேன். விரதம் என்று பேர். வழியெல்லாம் வாங்கித் தின்றேன். செங்கம் ரோட்டில் தொன்னையில் லெமன் சாதம், யம லிங்கம் தாண்டிச் சுண்டல், அடி அண்ணாமலையில் மோர், அப்புறம் ஒருத்தர் பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் திணித்தார். அன்னதானம் வேண்டாம் என்று சொல்லக் கூடாது அல்லவா?

அந்த லெமன் சாதம் யார் வீட்டு அடுப்பில் வெந்தது? சுண்டல் தாளித்தவள் தாலியோடு இருந்தாளா? மோர் கொடுத்த வீட்டில் எப்போது சாவு விழுந்தது? நான் கேட்டேனா? லட்சம் பேர் நடந்தார்களே, ஒருத்தர் கேட்டாரா? கை நீட்டினோம், வாயில் போட்டோம், அரோகரா என்றோம்.

குபேர லிங்கம் தாண்டும்போது மணி அஞ்சு இருக்கும். பாதம் கொப்பளித்துவிட்டது. கண்ணாடியில் வியர்வை வழிகிறது என்று கழற்றிப் பைக்குள் போட்டிருந்தேன். கல்லைப் பார்த்து மிதிக்க வேண்டும் என்று குனிந்தபடியே நடந்தேன். ஈசானிய லிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், வேங்கிக்கால் பக்கம், பக்கவாட்டில் இருந்து ஒரு தட்டு நீண்டது. சின்னச் சின்னத் துண்டாக ஏதோ இருந்தது. நிமிராமலேயே ஒன்றை எடுத்தேன். "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று வாயில் போட்டேன்.

முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே நாக்கு கண்டுபிடித்துவிட்டது. தேன், ஆரஞ்சுத் தோல், கிராம்பு. விழுங்கிவிட்டேன். விழுங்கின பிறகுதான் நிமிர்ந்தேன்.

ருசி பார்க்கக் கொடுக்கிற அந்தத் தட்டைப் பிடித்திருந்தவள் ஆர்த்தி. அவளுக்குப் பின்னால் ஒரு மடக்கு மேஜை. மணிமொழி நின்றுகொண்டு கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். வெறும் நெற்றி, வெறும் கழுத்து, நல்ல மஞ்சள் புடவை. மேஜையில் ஒரு அட்டை சாய்த்து வைத்திருந்தது. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தேன்.

'வீட்டில் செய்த ப்ளம் கேக். முட்டை இல்லை. துண்டு இருபது ரூபாய். செய்தது மணிமொழி, வேங்கிக்கால். என் வீட்டுக்காரர் இறந்து அறுபத்தேழு நாள் ஆகிறது. தீட்டுப் பார்ப்பவர்கள் வாங்க வேண்டாம்.'

எனக்குக் காலில் இருந்த எரிச்சல் எல்லாம் முகத்துக்கு ஏறிவிட்டது. மணிமொழி கத்தியை வைத்தாள். என்னைப் பார்த்தாள். மெதுவாகப் பேசியிருக்கலாம். பேசவில்லை. நாலு பேர் காதில் விழுகிற மாதிரிதான் கேட்டாள்.

"சுகருக்கு ஒண்ணும் ஆவாதே அக்கா?"

பின்னால் இருந்து வந்த கூட்டம் என்னை மேஜைக்கு ஓரமாகத் தள்ளியது. நான் அங்கேயே நின்றேன். ஒரு ஜோடி அட்டையைப் படித்துவிட்டு, தங்கள் சின்னப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் விலகிப் போனது. ஒருத்தர் தட்டிலிருந்து எடுத்ததைத் திரும்ப வைத்தார். திருவிழாக் கூட்டத்தில் இப்படியும் எழுதி வைப்பாளா என்று ஒருத்தி முணுமுணுத்தாள். போளூர்ப் பக்கத்து ஆள் போலிருந்த கிழவர் ஒருவர் எழுத்துக்கூட்டி முழுவதும் சத்தமாகப் படித்தார். அவர் பெண்டாட்டி கேட்டுவிட்டு, "அதுக்கின்னா? பாவம், சின்ன வயசு. எனக்கு ஒண்ணு, இவருக்கு ஒண்ணு குடும்மா," என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பின்னாலேயே கை மேல் கை நீண்டது. விலகினவர்கள் பத்து என்றால் வாங்கினவர்கள் நூறு. அவர்களில் யாருக்கும் மணிமொழியைத் தெரியாது. தெரிந்தவர்கள் நாங்கள்தான் பதினாலு வீடு.

வெளிச்சம் போவதற்குள் மேஜை காலியாகிவிட்டது. கடைசியாக நான் வாயைத் திறந்தேன்.

"மணி, ஒண்ணாந்தேதிக்கு எனக்கு ஒரு கிலோ வேணும்."

"தீந்துடுச்சுக்கா. ரெண்டு ஜாடியும் காலி. இனிமே அடுத்த ஆவணிக்குத்தான்."

மேஜைக்கு அடியில் எவர்சில்வர் தூக்கில் ஒரு முழுக் கேக் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"அது அவருக்குப் படைக்கிறதுக்கு," என்றாள். அட்டையை இரண்டாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, மேஜையை மடக்கி, ஆர்த்தியும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வேங்கிக்காலை நோக்கி நடந்தார்கள். எனக்கு இன்னும் ஈசானிய லிங்கமும் கோபுரமும் பாக்கி இருந்தன. நடந்து முடித்தேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று ஞாபகம் இல்லை.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரரை, போய் அந்த ஓவனை இறக்கிக் கொடுங்கள் என்று அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தார். மணிமொழி வாசலிலேயே நிறுத்திவிட்டாளாம். "சாருக்கு முதுகு வலின்னு அக்கா சொன்னாங்களே. வேணாம் சார், போயி ரெஸ்ட் எடுங்க."

"எனக்கு எப்படீ முதுகு வலி வந்துது?" என்று கேட்டார் அவர்.

ஒன்றாம் தேதி மாப்பிள்ளையும் நந்தினியும் வந்தார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் வாங்கின கேக், ஒரு விரல் கனத்துக்கு வெள்ளைக் கிரீம், மேலே சிவப்பில் எழுத்து. வெட்டினோம், கை தட்டினோம். மாப்பிள்ளை முதல் துண்டை எடுத்து, மரியாதையாக என் வாயருகே கொண்டுவந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மணிமொழி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. நாங்கள் பேசுவது ஒவ்வொன்றும் அவளுக்குக் கேட்கும்.

"வேணாம் மாப்பிள்ளை," என்றேன். "எனக்குச் சுகர்."